கதவைப் பார்த்து வைத்த பரங்கிக்காய்கள்

அக்டோபர் பிறந்து ஒன்பது நாளாகியும் ஸ்வர்ணாவின் வீட்டு வாசலில் ஒரு பரங்கிக்காய்கூட வந்து உட்காரவில்லை. காப்பெல் என்ற அந்த ஊரில் அவர்கள் குடியிருந்த தெருவில் பதினாலு வீடுகள். மற்ற பதிமூன்று வாசல்களிலும் வைக்கோல் கட்டும் சோளத்தட்டையும் சாமந்தித் தொட்டிகளும் வந்து இறங்கிவிட்டன. டெக்சஸ் வெயில் இன்னும் தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியபாடில்லை. மரங்களில் ஒரு இலைகூட நிறம் மாறவில்லை. ஆனாலும் காலண்டரில் இலையுதிர் காலம் வந்துவிட்டது, வாசலை அலங்கரிக்க அந்தத் தெருவுக்கு அது போதும்.

மற்ற வருடங்களில் முதலில் தயாராகும் வாசல் இவர்களுடையதாகத்தான் இருக்கும். காரணம் அவள் கணவன் நவநீத். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது ஸ்வர்ணாவுக்குப் பிடிபட்டதே இல்லை. வீடு வாங்கிய வருடம், மகள் ஷ்ரேயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த உள்ளங்கை அளவுப் பரங்கிக்காயை வாசற்படியில் வைத்ததில் ஆரம்பித்தது. மறு வருடம் ஆறு காய். அதற்கடுத்த வருடம் ஆரஞ்சும் வெள்ளையும் பச்சையுமாகக் கணக்கில்லாமல் வந்தன. ஒவ்வொன்றையும் பிளீச் கலந்த தண்ணீரில் முக்கித் துடைத்து வைத்தால் சீக்கிரம் அழுகாது என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் கொல்லையில் பக்கெட்டோடு உட்கார்ந்திருப்பான். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை அவனுக்கு. எதையும் நாலு தடவை சரிபார்க்காமல் விடமாட்டான்.

ஸ்வர்ணா அதில் கைவைத்ததே கிடையாது. சாம்பாரில் போட வேண்டியதை வாசலில் வைத்து அழுகவிடுகிறாயே என்று வருடா வருடம் கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே தெருவரைக்கும் நடந்து போய், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஏதாவது ஒரு காயை இரண்டு அங்குலம் நகர்த்தி வைப்பான்.

இந்த வருடம் அவன் சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

போனது தங்கை ஹம்சாவின் கல்யாணத்துக்கு. ஆகஸ்ட் பதினாலாம் தேதி கிளம்பினான். பள்ளிக்கூடம் அந்த வாரம்தான் திறந்திருந்தது. ஸ்வர்ணாவுக்கும் லாஸ் கொலினாஸ் அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை. மூன்றே வாரம்தானே, கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு அப்படியே பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங்கும் பண்ணிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போனான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஸ்டாம்பிங்குக்காகப் போன அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இரண்டே கேள்வி கேட்டார்கள். கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, இன்னும் சில பரிசோதனைகள் இருக்கின்றன, தகவல் வரும், காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த முத்திரை விழாமல் அவனால் அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாது. எத்தனை நாள் என்று அந்தக் காகிதத்தில் இல்லை. வக்கீலுக்கும் தெரியவில்லை. அதே காகிதத்தை வாங்கியவர்களில் ஒருவருக்குப் பத்து நாளில் வந்ததாம், இன்னொருவருக்கு ஏழு மாதமாம்.

அலுவலகத்தில் பெரிய மனது பண்ணி அங்கிருந்தே வேலை செய்ய அனுமதித்தார்கள். சென்னையில் சாயங்காலம் ஏழரைக்கு உட்கார்ந்து விடிய விடிய வேலை செய்தான். அது முடிந்து, இங்கே இரவுச் சாப்பாடு ஆனதும், இருபது நிமிடம் வீடியோ கால். அந்த இருபது நிமிடத்தில் ஸ்வர்ணா சிரித்த முகமாக இருப்பாள். ஷ்ரேயா கணக்குப் பரீட்சையைப் பற்றி இங்கிலீஷில் சொல்லுவாள். அவனும் அங்கே சாப்பிட்ட டிபனைப் பற்றிச் சொல்லுவான். மூன்று பேரும் நன்றாக இருப்பதாக மூன்று பேரும் காட்டிக்கொண்டு போனை வைப்பார்கள்.

வெளியில் யாரிடமும் அவள் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அது நிரந்தரமாகிவிடும் போல ஒரு பயம். எதிர்வீட்டு டார்லீன், ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் உன் வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று கேட்பாள். அடுத்த வாரம் என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில், ஸ்வர்ணாவோடு ஒரே கல்லூரியில் படித்த விஷாகா கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், உங்களுக்குள்ளே எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டாள். ஸ்வர்ணா சிரித்து மழுப்பிவிட்டுக் காரில் ஏறினாள். 

ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை காலையில் அவளுக்கு எல்லாமே தாமதம். ஷ்ரேயாவை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, ஒரு தோளில் லேப்டாப் பை, ஒரு கையில் காபிக் கோப்பை, மறு கையில் சாவி என்று வெளியே வந்து கதவைப் பூட்டும்போது கோப்பை வழுக்கி விழுந்து செங்கல் தரையில் சில்லுச் சில்லாக உடைந்தது. நவநீத்தின் கோப்பைகூட இல்லை அது. ஏதோ ஒரு பேங்கில் இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அவளுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து இரண்டு நிமிடம் அழுதாள். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சில்லுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று ராத்திரி கால் வந்ததும் அவன் முதலில் கேட்டது, "கைல ஒண்ணும் குத்தலையே?"

"என்ன குத்தணும்?"

காலையில் உடைந்த கோப்பைச் சில்லு என்றான். அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் ஷ்ரேயாவை மாடிக்கு அனுப்பினாள்.

"டோர்பெல் கேமராவுல பார்த்தியா?"

"ஆமா."

"தினமும் பார்க்கறியா?"

"தினமும்தான்."

செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து, ஸ்டாம்பிங் நின்றுபோன மறுநாளிலிருந்தே, வாசல் அழைப்பு மணியில் இருக்கும் கேமரா வழியாகப் போனில் பார்ப்பதாக ஒப்புக்கொண்டான். இங்கே காலை ஏழே காலுக்கு அங்கே மாலை ஐந்தே முக்கால். காபியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவானாம். ஷ்ரேயா ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்புவாள், ஸ்வர்ணா ஏழு நாற்பதுக்கு. இரண்டு பேரும் போன பிறகு கீழே இறங்கி வருவான். சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது அங்கே விடியற்காலை நாலு. வேலை முடிகிற நேரம். கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் லேப்டாப்பை மூடுவானாம்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தான் அழுததை ஒருவன் ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பதே பெரிய அவமானமாக இருந்தது. வேவு பார்க்கிறாயா என்று கேட்டாள். கால் பண்ணினால் பேசமாட்டேன் என்றா சொன்னேன், இது என்ன திருட்டுத்தனம் என்று கேட்டாள்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. "வீடியோ கால்ல நீ எனக்காக முகத்தை ரெடி பண்ணிண்டு வந்து உட்கார்றே, ஸ்வர்ணா. நானும் அதான் பண்றேன். அந்த வாசல்ல வர்றதுதான் நிஜமான நீ. வேணாம்னா பாஸ்வேர்டை மாத்திடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் போனை வைத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் பாஸ்வேர்டை மாற்றுவதற்காகவே அந்த ஆப்பைத் திறந்தாள். வீடு வாங்கிய புதிதில் போனில் ஏற்றியது. பிறகு திறந்ததே இல்லை. திரையில் அவள் வீட்டு வாசல் வந்தது. உருண்டைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல ஓரங்கள் வளைந்திருந்தன. காலியான செங்கல் தரை. காய்ந்துபோன ஒரு தொட்டி. யாரும் எடுக்காத விளம்பரத் தாள். அப்பால் தெருவில் மற்றவர்களுடைய பரங்கிக்காய்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தன. இதைத்தான் அவன் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கீழே பழைய பதிவுகள் தேதிவாரியாக இருந்தன. ஒன்றைத் தொட்டாள். அவளே வெளியே வந்தாள், கதவைப் பூட்டினாள், போனாள். இன்னொன்று. அதே வருகை, அதே பூட்டு, அதே அவசரம். இருபது முப்பது பதிவு பார்த்திருப்பாள். ஒன்றில்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அவள் உச்சந்தலையை மட்டுமே நாற்பது நாளாகப் பார்த்துக்கொண்டு மொட்டைமாடியில் ஒருவன் நிற்பதை நினைத்தபோது, கையிலிருந்த தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அறுபது நாளுக்குத்தான் பதிவுகள் இருக்கும், பிறகு தானாகவே அழிந்துவிடும் என்று போட்டிருந்தது. கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். ஆகஸ்ட் பதினாலு கிடைத்தது. நவநீத் இரண்டு பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு வெளியே வருகிறான். டிரைவர் டிக்கியைத் திறக்கிறார். நவநீத் ஷ்ரேயாவின் தலையைத் தடவிவிட்டு, ஸ்வர்ணாவிடம் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறப் போகிறான். பாதி வழியில் திரும்பி வருகிறான். அதற்குள் அவளும் குழந்தையும் உள்ளே போய்விட்டிருந்தார்கள்; அவன் திரும்பி வந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. கதவுக் குமிழை இரண்டு தடவை ஆட்டிப் பார்க்கிறான். பூட்டியிருக்கிறது. கோணலாகக் கிடந்த மிதியடியைக் காலால் நேராக்குகிறான். ஒரு கணம் கதவைப் பார்த்து நிற்கிறான். பிறகு போகிறான்.

அந்தப் பதிவை அவள் போனில் சேமித்துக்கொண்டாள். பாஸ்வேர்டை மாற்றவில்லை. அன்று ராத்திரி கால் வந்தபோது தலைவலி என்று ஷ்ரேயாவை மட்டும் பேசவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஷ்ரேயாவை எழுப்பினாள். பதினொரு வயதுக்காரி போர்வைக்குள்ளிருந்து முனகினாள். பரங்கிக்காய் வாங்கப் போகிறோம் என்றதும் எழுந்து உட்கார்ந்து, நம்பிக்கையில்லாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"யூ ஹேட் பம்ப்கின்ஸ்," என்றாள்.

அது அப்பாவோடு சண்டை போடுவதற்காகச் சொன்னது என்று ஸ்வர்ணா சொன்னாள். ஷ்ரேயா அதற்குமேல் கேட்கவில்லை. பல்கூடச் சரியாகத் தேய்க்காமல் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ஒரு சர்ச் மைதானத்தில் புல்வெளி முழுக்கப் பரங்கிக்காய்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஸ்வர்ணாவுக்குத் தெரியவில்லை. ஷ்ரேயாவுக்குத் தெரிந்திருந்தது. அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்; காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தாள்; காம்பைப் பிடித்துத் தூக்காதே, உடைந்துவிடும் என்று அம்மாவை அதட்டினாள். எல்லாம் நவநீத்தின் குரல், அமெரிக்க உச்சரிப்பில். பெரியது இரண்டு, நடுவாந்தரம் நாலு, வெள்ளை மூன்று, கைப்பிடி அளவில் ஒரு கூடை. மஞ்சள் சாமந்தித் தொட்டி நாலு. வைக்கோல் கட்டைப் பின்சீட்டில் திணித்ததில் கார் முழுக்க வைக்கோலாயிற்று.

கொல்லையில் பக்கெட்டை வைத்துப் பிளீச் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். ஸ்வர்ணாவின் கை வெளுத்துச் சுருங்கிவிட்டது. வருடா வருடம் ஒருவன் தனியாக இதைச் செய்துகொண்டிருந்தபோது தான் உள்ளே ஏசியில் உட்கார்ந்து சீரியல் பார்த்தோமே என்று தோன்றியது. ஒரு தடவையாவது பக்கத்தில் ஒரு மணை போட்டு உட்கார்ந்திருக்கலாம். அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் கேலிதான் பண்ணியிருப்பாள்.

பிறகு வாசலில் அடுக்கத் தொடங்கினார்கள். வைக்கோல் கட்டைப் படிக்குப் பக்கத்தில் போட்டு, மேலே பெரியதை வைத்து, மற்றவற்றைச் சரிவாக இறக்கினாள் ஷ்ரேயா. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்வர்ணா போனை எடுத்து ஆப்பில் பார்த்தாள். வைக்கோல் கட்டின் முதுகு தெரிந்தது. ஒரு காம்பு தெரிந்தது. சாமந்தி ஒன்றுமே தெரியவில்லை.

எல்லாவற்றையும் கலைத்தாள். வைக்கோல் கட்டைப் படியோரத்துக்குத் தள்ளினாள். காய்களின் நல்ல பக்கத்தைக் கதவுப் பக்கமாகத் திருப்பினாள். வெள்ளை மூன்றையும் கேமராவுக்கு நேராக வைத்தாள். சாமந்தித் தொட்டிகளை மிதியடியின் இரண்டு பக்கமும் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றை வைத்த பிறகும் போனைப் பார்த்தாள்.

"அம்மா, இட்ஸ் பேக்வர்ட்ஸ்," என்றாள் ஷ்ரேயா. தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாருடைய வீட்டிலும் வெளியே பார்த்துத்தான் இருக்கும் என்று விளக்கினாள்.

"தெருவுக்கு இல்லடா. அப்பாவுக்கு."

ஸ்வர்ணா விரலால் கதவோரத்து அழைப்பு மணியைக் காட்டினாள். குழந்தை அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடியைச் சற்று நேரம் பார்த்தாள். தினமும் பார்க்கிறாரா என்று கேட்டாள். தினமும்தான் என்று ஸ்வர்ணா சொன்னாள். நேற்று பஸ்ஸுக்கு ஓடும்போது தான் கீழே விழுந்ததையும் பார்த்திருப்பாரா என்று கேட்டாள். பார்த்திருப்பார் என்றாள். ஷ்ரேயா போய்ச் சின்னக் காய்களை எடுத்துவந்து, கேமராவில் தெரியும்படி வரிசையாக அடுக்கத் தொடங்கினாள்.

டார்லீன் தெருவைக் கடந்து வந்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலங்காரத்தைப் பார்த்தாள். திருப்பி வைத்துவிட்டாயே கண்ணு என்று அவள் பாஷையில் சொன்னாள். ஸ்வர்ணா அடுத்த வாரம் என்று நாலாவது தடவை சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது உண்மை. காகிதத்தைப் பற்றியும், எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது என்பதையும், மொட்டைமாடியைப் பற்றியும் சொன்னாள். எட்டு வாரத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டார்லீன் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து, அதுவரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய காயை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

அவள் போன பிறகு அம்மாவும் பெண்ணும் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று இருக்கும். அழைப்பு மணியின் ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்தது.

"அந்த நடு வெள்ளையைக் கொஞ்சம் லெஃப்ட்ல நகர்த்தேன்."

ஷ்ரேயா துள்ளி எழுந்தாள். தண்ணீர் பாட்டில் உருண்டு போயிற்று. எட்டு வாரத்தில் அந்த வீட்டு வாசலில் அவன் குரல் கேட்டதில்லை. பயந்துவிடுவார்கள் என்று அந்த ஸ்பீக்கரை அவன் தொட்டதே இல்லையாம், பிறகு சொன்னான்.

ஸ்வர்ணா எழுந்து போய் வெள்ளைக் காய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

"யாருக்கு லெஃப்ட்? உனக்கா, எனக்கா?"

"எனக்கு."

நகர்த்தினாள். "போதுமா?"

 அவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.   முடியைக்கூட ஒதுக்கிக்கொள்ளாமல், பிளீச் வாசனையோடு, வியர்வையோடு அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஸ்பீக்கரில் தூரத்து ஆட்டோ ஒன்றின் ஹாரன் கேட்டது. அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"போதும்," என்றான் கடைசியில். "நல்லா இருக்கு. நான் வெச்சதைவிட நல்லா இருக்கு."

அதன்பிறகு தினமும் காலையில் ஷ்ரேயா பஸ்ஸுக்குப் போகும்முன் கேமராவுக்கு முன்னால் நின்று அன்றைக்கு என்னென்ன பரீட்சை என்று ஒப்பிப்பாள். ஸ்வர்ணா கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பைக்குள் போடும்வரை அவனைப் பார்ப்பாள். சில நாள் ஏதாவது சொல்லுவாள். சில நாள் முகம் கடுகடுவென்று இருக்கும். அதை மாற்றிக்கொள்ள மாட்டாள். இருபது நிமிடக் கால்களிலும் பேச்சு மாறிற்று. பயமாயிருக்கிறது என்று அவன் ஒரு நாள் சொன்னான். எனக்கும் என்று அவள் சொன்னாள்.

தீபாவளி வந்து போயிற்று. அங்கே ஹம்சாவுக்குத் தலைதீபாவளி. நவநீத் மாப்பிள்ளையோடு கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தான். ஹாலோவீனுக்கு வேஷம் போட்டுக்கொண்டு வந்த குழந்தைகள் எதற்காகக் காய்கள் எல்லாம் திரும்பியிருக்கின்றன என்று கேட்டார்கள். நவம்பர் மழையில் பெரிய காய் உட்கார்ந்துவிட்டது. இரண்டை அணில் குடைந்து தின்றது. தகவல் மட்டும் வரவில்லை. இணையத்தில் அவன் வரிசை எண்ணைப் போட்டுப் பார்த்தால் அதே ஒற்றை வரிதான் வந்துகொண்டிருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் ஸ்வர்ணா அலுவலகத்திலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் காரிலேயே உட்கார்ந்து டிக்கெட் போட்டாள். டிசம்பர் இருபது, அவளுக்கும் ஷ்ரேயாவுக்கும். அவளுடைய ஸ்டாம்பிங்கும் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. போனால் அவளும் அதே வரிசையில் நின்று, அதே காகிதத்தை வாங்க வேண்டிவரலாம். வேலை போகலாம். ஷ்ரேயாவின் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கலாம். இதையெல்லாம் மேனேஜரிடம் சொன்னபோது அவர் இரண்டு தடவை யோசித்துக்கொள் என்றார். மூன்று மாதமாக வேறு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவள் கேட்டாள்.

நவநீத் சம்மதிக்கவில்லை. அன்று ராத்திரி இருபது நிமிடம் ஒன்றரை மணி நேரமாயிற்று. ஒருவராவது அங்கே இருந்தால்தான் வீடு நிற்கும், ஷ்ரேயா அங்கே பிறந்தவள், அவளுக்கு விசாவே தேவையில்லை, அவளை இந்தச் சிக்கலுக்குள் இழுக்காதே, இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சுற்றிச் சுற்றி அதையே சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மாட்டிண்டா மூணு பேரும் ஒரே இடத்துல மாட்டிப்போம். இனிமே தனித்தனியா முடியாது, நவநீத். என்னால முடியல."

 அங்கே யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஃபிளைட் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டான்.

காலை எட்டு மணிக்குச் சென்னையில் இறங்கும், பெட்டியெல்லாம் எடுத்து வெளியே வர ஒன்பதாகிவிடும் என்றாள்.

அப்படியானால் ஐந்து மணிக்கே ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றான். அவ்வளவு சீக்கிரம் வந்து என்ன பண்ணப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை.